மூடியது யார்?

1

சிப்பி அழுகும் வாடையைப் பற்றித் தாத்தா பேசாத கோடை கிடையாது. அவர் முத்துக் குளித்தவர் அல்ல. தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். 1955 முதல் 1961 வரை வருஷா வருஷம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு குளிக்கத் தகுந்த அளவு சிப்பி பார்களில் சேரவில்லை. அந்த ஏழு வருஷங்களில் ஒன்றில் (1958 என்பார்) பாட்டியின் கம்மலை அடகு வைத்து அவர் முந்நூறு சிப்பி வாங்கினார்.

வாங்கும் முறை இப்படி. தோணிகள் பகலில் கரை திரும்பும். எடுத்து வந்த சிப்பியில் அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். எந்தச் சிப்பியும் திறக்கப்பட்டிருக்காது. பெரிய வியாபாரிகள் ஏலம் எடுத்ததை வேலியடைத்த கொட்டுகளில் குவித்து நாள் கணக்கில் அழுகவிடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்ததும், மிச்சத்தைக் கழுவிக் கழுவி அடியில் தங்குகிற மண்டியில் முத்தைத் தேடுவார்கள். சின்ன ஆட்களுக்கு இந்தப் பொறுமையும் இடமும் இல்லை. அவர்கள் குளித்தவனிடமே அவன் பங்கில் ஐம்பது, நூறு என்று வாங்கிக் கத்தியால் திறந்து பார்ப்பார்கள்.

தாத்தா தம் முந்நூறையும் புறவாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். கிடைத்தது ஒரு சிட்டிகை சின்ன முத்து. கடுகைவிடச் சிறியது பாதி. கம்மல் திரும்பவில்லை. அடுத்த தெருவில் ஐம்பது சிப்பி வாங்கிய ஒருவருக்குப் பட்டாணி அளவில் ஒன்று கிடைத்து, அவர் மகள் கல்யாணம் அதிலேயே முடிந்ததாம். பாட்டி சாகும்வரை ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்: "இப்படி ஏமாந்துட்டு வந்து நின்னியளே." தாத்தாவும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "யாரு ஏமாத்துனா? குளிச்சவனுக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது. கடலுக்கே தெரியாதுல்லா."

இந்தப் பதிலைச் சிறுவயதில் ஒரு சமாளிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்று அதில் ஒரு முழு நீதிக்கோட்பாடு இருப்பதாகப் படுகிறது. திறக்காத ஒன்றை விற்பது தன்னளவில் வஞ்சகம் ஆகாது. விற்பவன், வாங்குபவன் இருவர்மீதும் ஒரே இருட்டு கவிந்திருக்குமானால், அந்த இருட்டு அவர்களைச் சமமாக்குகிறது. அரசாங்கமே ஆனாலும் சிப்பியின் முன் உப்பளக் கணக்கரைவிட அதிகம் அறிந்ததல்ல. அது எப்படிப்பட்ட சமத்துவம் என்பதற்கு எதிர்க்கரையிலேயே சாட்சி உண்டு. 1905இல் இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் எட்டுக்கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசுக்கு வரவு 25 லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. இந்தக் கணக்கைப் பார்த்து 1906இல் ஒரு கம்பெனி இருபது வருஷக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறிச்சோடின. லண்டனில் பங்கு வாங்கிய கனவான்களும் என் தாத்தாவும் இந்த ஓர் இடத்தில் மட்டும் சரிசமானமாக நிற்கிறார்கள்.

அதே காலத்தில் அந்தப் பார்களில் இன்னொரு முயற்சியும் நடந்தது. சிப்பியைத் திறக்காமலே எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி உள்ளே பார்ப்பது. முத்தில்லாததைத் திரும்பக் கடலில் விட்டுவிடுவது. சிப்பிக்கு நல்லதுதான். ஆனால் பார்த்துவிட்டு, பார்த்ததைச் சொல்லாமல், பழையபடி ஆயிரம் ஆயிரமாக ஏலம் போட ஒருவன் துணிந்திருந்தால்? சிப்பி அதேதான், கடல் அதேதான், வாங்குபவன் கண்முன் கிடப்பதும் அதே மூடிய ஓடுதான். வியாபாரம் மட்டும் முற்றிலும் வேறாகிவிட்டிருக்கும். நான் பேச விரும்புவது இந்த வித்தியாசத்தைப் பற்றி.

2

முத்தைப் பற்றிப் பேசும்போது ஜப்பானைத் தவிர்க்க முடியாது. 1893இல் மிகிமோட்டோ சிப்பிக்குள் மனிதக் கையால் அரைமுத்து விளையவைத்தார். முழு உருண்டை முத்துக்கான வழியும் அடுத்த இருபது வருஷங்களுக்குள் ஜப்பானியர் கைக்கு வந்தது. 1921இல் இந்த முத்துக்கள் லண்டன் சந்தைக்கு வந்தபோது இது முத்தா போலியா என்று பெரிய ரகளை. நம் கரையில் 1973 ஜூலையில், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார். கடலுக்கே தெரியாத ஒன்று மனிதனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மனிதன் என்ன செய்தான்? சிப்பியைத் திறந்தே விற்றான். கரு வைத்தவன் அவன். உள்ளே இருப்பது இன்னதென்று அவன் அறிவான். ஆகவே மூடி விற்கும் அவசியம் அற்றுப்போயிற்று. நெறியாகப் பார்த்தால் வளர்ப்பு முத்து ஒரு நாணயமான பண்டம்.

அதே 1973இல் அதே ஜப்பானில் வேறொரு சிப்பி சந்தைக்கு வந்தது. கால்பி என்ற தின்பண்டக் கம்பெனி பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படச்சீட்டைத் தன் பொட்டலத்தோடு சேர்த்து விற்க ஆரம்பித்தது. முதல் எண் சீட்டில் நாகாஷிமா. அவருடைய யோமியூரி ஜயண்ட்ஸ் அணி அந்த வருஷம் தொடர்ந்து ஒன்பதாவது முறையாகத் தேசியக் கோப்பையை வென்றது. எந்தப் பொட்டலத்தில் எந்த ஆட்டக்காரர் என்பது பிரித்தால்தான் தெரியும். இதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே கம்பெனி ஒரு தொலைக்காட்சி வீரனின் படத்தோடு தின்பண்டம் விற்றிருந்தது. பிள்ளைகள் வாங்கினார்கள், படத்தை எடுத்துக்கொண்டு தின்பண்டத்தைத் தெருவில் எறிந்தார்கள். ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கொட்டில் அழுகவிடப்பட்ட சிப்பிச் சதை எனக்கு ஞாபகம் வருகிறது. வேண்டியது ஒன்று உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டால், அதைச் சுற்றியிருப்பது உணவாயினும் உயிராயினும் கழிவாகிவிடுகிறது.

இன்று அந்த நாட்டில் ஒரு பேஸ்பால் வருஷம் இரண்டு முறை நடக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒன்று மைதானத்தில். மற்றது உறைகளில். ஆட்டம் தொடங்கும் முன்பே, குளிர் போவதற்குள், புதிதாகச் சேர்ந்த ஆட்டக்காரர்களின் சீட்டுகள் வந்துவிடும். 1991இலிருந்து சீட்டு வெளியிடுகிற பேஸ்பால் மாகஸின் நிறுவனத்தார் ஏப்ரல் வாக்கில் முதல் வரிசை, ஆகஸ்டில் இரண்டாம் வரிசை, இடையிடையே அணிக்கு ஒன்றாகத் தனி வரிசை, வருஷம் முடிகையில் விலை கூடிய விசேஷ வரிசைகள் என்று கொண்டுவருகிறார்கள். பொட்டலச் சீட்டுகள் வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று மூன்று தவணை. நமக்குப் பனிமய மாதா கொடியேற்றமும் தேரும் ஜூலைக் கடைசியையும் ஆகஸ்ட் முதலையும் அடையாளப்படுத்துவது போல, அவர்களுடைய மாதங்களை உறைகள் அடையாளப்படுத்துகின்றன. மைதானத்தில் தோற்றுப்போன ஆட்டக்காரன்கூட உறைக்குள் அபூர்வமாக இருக்கலாம். அபூர்வம் அவன் மட்டையைப் பொறுத்ததல்ல. அச்சகத்தில் எத்தனை அடிப்பது என்று எடுத்த முடிவைப் பொறுத்தது. அதே படம் சாதாரணமாக ஆயிரக்கணக்கில். ஓரத்தில் பொன்நிறம் பூசி ஐம்பது. வேறு நிறத்தில் உலகத்திலேயே ஒன்று. எண்ணும் போட்டிருப்பார்கள்.

வித்தியாசம் இங்கே தெளிவாகிறது. சிப்பியில் விற்பவன் அறியாதவன். வளர்ப்பு முத்தில் விற்பவன் அறிந்தவன், ஆகவே திறந்து காட்டுகிறான். படச்சீட்டில் விற்பவன் அறிந்தவன், ஆனாலும் மூடுகிறான். எந்தப் பொட்டலத்தில் எது என்று தனித்தனியே அவனுக்கும் தெரியாது என்று வாதிடலாம். எத்தனையில் ஒன்று என்பது அவன் தீர்மானித்ததுதானே. பொதுவான இருட்டு என்று ஒன்றை முதல் பகுதியில் சொன்னேன். இது உற்பத்தி செய்யப்பட்ட இருட்டு.

எக்ஸ்ரே விஷயமும் இங்கே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. 2024இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், பிரிக்காத சீட்டு உறைகளை ஸ்கேன் செய்து உள்ளே இருப்பதைச் சொல்லும் சேவையைக் காசுக்குச் செய்ய ஆரம்பித்தது. சேகரிப்பவர்கள் கலவரப்பட்டார்கள். பார்த்துவிட்டு வெறும் உறைகளை மட்டும் சந்தையில் தள்ளிவிடுவார்களே என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான். ஆனால் யாரோ ஒருவன் முன்கூட்டியே அறிந்திருக்கக் கூடாது என்ற இந்தக் கோபம், அச்சடித்தவன்மீது அதுவரை ஏன் திரும்பவில்லை?

3

எனக்கு இந்த உறையோடு சொந்தப் பழக்கம் உண்டு. 1987இல், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உலகக்கோப்பை நடந்த வருஷம், எனக்குப் பதினோரு வயது. ஒரு பபிள்கம்மோடு கிரிக்கெட் சீட்டு கொடுத்தார்கள். பெயர் வேண்டாம். அதற்கு முன்புவரை எங்கள் தெருவில் பிள்ளைகளின் செலாவணி தீப்பெட்டிப் படம்தான். தீர்ந்துபோன பெட்டியின் முகத்தைக் கிழித்துச் சேர்ப்போம். வட்டம் கீறி நடுவில் படங்களை அடுக்கி, தள்ளி நின்று சில்லால் அடிப்போம். வட்டத்துக்கு வெளியே போனது அடித்தவனுக்கு. படத்துக்குப் படம் மதிப்பு வேறு. கோவில்பட்டிக் கிளி, சாத்தூர்ச் சிங்கம் போன்றவை எல்லா வீட்டு அடுப்படியிலும் கிடைப்பவை, அவற்றுக்கு ஒன்று. வடக்கே இருந்து லாரிக்காரர்கள் கொண்டுவந்தவற்றுக்குப் பத்து. கொழும்புக்குப் போய் வருகிற தோணிக்காரர் வீட்டுப் பிள்ளை கொண்டுவந்த சிங்கள எழுத்துப் படத்துக்கு நூறு.

இந்த மதிப்புகளை யாரும் நிர்ணயிக்கவில்லை என்பதை இப்போது கவனிக்கிறேன். அந்த நூறு என்பது கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள கடல். அந்தப் பத்து என்பது லாரி ஓடி வந்த நெடுஞ்சாலை. எங்கள் அபூர்வம் ஒரு தூரத்தின் அளவை. தீப்பெட்டி செய்தவனுக்கு அது எங்கள் வட்டத்தில் எத்தனைக்குப் போகிறது என்பது தெரியாது. தெரிந்தாலும் அவனுக்கு அதில் லாபமில்லை.

பபிள்கம் வந்ததும் வட்டம் அழிந்தது. எல்லோரும் சீட்டுக்கு மாறினோம். என் வரிசையில் கடைசியில் ஒரே ஓர் ஆட்டக்காரர் குறைந்தார். கொழும்புப் படத்தைக் கொடுத்து இருபது சீட்டு வாங்கினேன். அவற்றிலும் அவர் இல்லை. பாட்டியின் கடுகு டப்பாவிலிருந்து காசு எடுக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் போல எடுத்தேன். வாய் நிறைய ரப்பரை மென்றுகொண்டு, கடைவாசலிலேயே உறையைப் பிரித்து, அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்தியா அரையிறுதியில் தோற்ற அன்று பிடிபட்டேன்.

பாட்டி அடித்தாள். தாத்தா அடிக்கவில்லை. திண்ணையில் உட்காரவைத்துச் சீட்டுகளையெல்லாம் பரப்பச் சொன்னார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு பிரிக்காத உறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, இதை மூடுனது யாரு?"

"கம்பெனி."

"உள்ள என்ன வச்சோம்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இது சிப்பி இல்லல. வேற என்னமோ."

அவ்வளவுதான். திருடியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மனைவியின் கம்மலை அடகு வைத்தவர், பேரன் கடுகு டப்பாவில் கைவிட்டதைக் கண்டிக்கத் தமக்குத் தகுதியில்லை என்று நினைத்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட்டார்.

எதிர்த்தரப்பையும் பார்க்க வேண்டும். உறை பிரிக்கிற அந்தக் கணத்தின் சந்தோஷம் பொய்யா? இல்லை. இன்றும் என் விரல்களுக்கு அது ஞாபகம் இருக்கிறது. சிப்பி திறந்தபோது தாத்தாவுக்கு இருந்திருக்கக்கூடிய படபடப்புக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. இன்னொன்று: அறிந்தவன் மறைப்பதெல்லாம் குற்றம் என்றால் கதை எழுத முடியாது. துப்பறியும் நாவலாசிரியனுக்குக் கொலைகாரன் யாரென்று முதல் பக்கத்திலேயே தெரியும். அவனை யாரும் வஞ்சகன் என்பதில்லை. மூன்றாவதாக, விகிதத்தை உறைமேலேயே அச்சிட்டுவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடாதா?

மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது. நாவலாசிரியன் மறைத்ததைக் கடைசிப் பக்கத்தில் எல்லோருக்கும் தருகிறான். ஒரு வாசகனுக்கு முடிவு கிடைப்பதற்காகத் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பிரதி விற்பதில்லை. படச்சீட்டிலோ அந்த ஒன்றின் மதிப்பே மற்ற தொண்ணூற்றொன்பதின் வெறுமையால் செய்யப்படுவது. அடுத்த தெருக்காரருக்குக் கிடைத்த முத்து, தாத்தாவின் முந்நூறு சிப்பியைக் காலியாக்கி உண்டாக்கப்பட்டதல்ல. எனக்குக் கிடைக்காத சீட்டோ எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் கிடைக்காமல் செய்தே உண்டாக்கப்பட்டது. என் ஏமாற்றம் அந்தத் தொழிலின் கச்சாப்பொருள். உறைமேல் விகிதத்தை அச்சிட்டால் கச்சாப்பொருளின் எடையைச் சொன்னதாகும். அவ்வளவே. என் சந்தோஷம் உண்மையானது என்பதும் எனக்குச் சமாதானம் தரவில்லை. தூண்டிலில் கோத்த இரையும் மீனுக்கு உண்மையான இரைதான். வள்ளுவர் சூதில் பெற்ற வெற்றிக்கு அந்த உவமையைக் கரையோர மனிதனுக்குச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார்.

தமிழ்நாட்டு அரசே 1968 முதல் 2003 வரை பரிசுச்சீட்டு விற்றது. அதில் குடி கெட்டவர்கள் கதை நமக்குத் தெரியும். என்றாலும் அந்தச் சீட்டைத் தின்பண்டம் என்றோ விளையாட்டு என்றோ யாரும் குழந்தை கையில் கொடுக்கவில்லை. ஜப்பானில் வெவ்வேறு படங்களைச் சேர்த்து ஒரு வரிசையை முடித்தால் பரிசு என்கிற முறையைச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. கைபேசி விளையாட்டுகள் அதே முறையை வேறு பெயரில் கொண்டுவந்தபோது, 2012இல் அந்தப் பழைய விதியையே எடுத்து அதையும் தடுத்தார்கள். வரிசையை முடிக்க வேண்டும் என்ற வேட்கை சீட்டின்மேல் உள்ள ஆசையைவிடப் பலமானது என்பதை அந்தச் சட்டக்காரர்கள் அறிந்திருக்கிறார்கள். பதினோரு வயதில் நானும் அறிந்திருந்தேன்.

4

கொற்கை முத்தும் நீதியும் ஒரே இடத்தில் சந்திக்கிற நம் பழைய கதை ஒன்று இருக்கிறது. சிலம்பு ஒரு மூடிய பொருள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்று. உள்ளே பரல் முத்தா மாணிக்கமா என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது. பாண்டியனுக்குத் தெரியாது. கோவலனுக்கோ தன் கையிலிருப்பதில் தெரியும், அரசி சிலம்பைப் பற்றித் தெரியாது. அறிந்தவன் ஒருவன்தான்: பொற்கொல்லன். அரசியின் சிலம்பு எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியும். ஒருபக்க அறிவின் ஆதிவடிவம் அவன். பாண்டியன் செய்த பிழையை, ஆராயாமல் தண்டித்தான் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதைவிடக் குறிப்பாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. உடைத்துப் பார்க்கக்கூடிய ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அறிந்தவன் சொல்லை வாங்கிக்கொண்டான். கண்ணகி வந்து உடைத்தபோது உள்ளே இருந்தது தெரிந்தது. ஆனால் உள்ளே என்ன என்ற கேள்விக்கு விடை கிடைத்த அந்தக் கணத்தில் அது பயனற்ற விடையாகவும் ஆகிவிட்டிருந்தது. முன்னமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இதை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பவன் யார்?

உள்ளே என்ன என்ற கேள்வி நம்மை மயக்குகிறது. அது எவ்வளவு மயக்கும் என்பதற்கு என்னையே சாட்சியாக வைக்கிறேன். தீப்பெட்டிப் படங்களைப் பற்றி இவ்வளவு நேரம் வாஞ்சையோடு எழுதினேன். தூரத்தின் அளவை என்றெல்லாம் சொன்னேன். அந்தப் படங்களைப் பெட்டியில் ஒட்டியது யார்? எண்பதுகளில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரக் கிராமங்களில் விடியுமுன் கம்பெனி பஸ் வரும். அதில் ஏறிப் போனவர்களில் பெரும்பங்கு சிறுமிகள். சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, எண்ணிக்கைக்குக் கூலி. இதைப்பற்றி 1983லேயே ஸ்மிது கோத்தாரி ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. நான் வட்டத்துக்கு வெளியே அடித்துத் தள்ளிய கிளியை, என் வயதுக் குழந்தை ஒருத்தி பசைபட்ட விரலால் ஒட்டியிருக்கக் கூடும். ஐம்பது மைலுக்குள் இருந்த அந்த விரல் என் விளையாட்டின் மதிப்பில் எங்கும் சேரவில்லை. கொழும்புக் கடல் நூறு. லாரிச் சாலை பத்து. அவளுக்குப் பூஜ்யம்.

சிப்பியையும் நான் மிகையாகப் புனிதப்படுத்திவிட்டேனோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. கடலுக்கே தெரியாது என்றார் தாத்தா, சரி. ஆனால் பத்துப் பாகம் ஆழத்தில் காலில் கல்லோடு இறங்கியவனின் மூச்சு? கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தன் சகோதரி விதவையாகச் சம்மதியாதவன் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. திறக்காத சிப்பிக்கு ஏலம் கேட்ட மாலை நேரத்துக் கூட்டத்தில் அந்த மூச்சுக்கு விலை கேட்டவர்கள் இல்லை. குளித்தவனுக்கு மூன்றில் ஒன்று என்று முன்பே கணக்கு முடிந்துவிட்டது. பொதுவான இருட்டு என்பது வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் இடையில்தான் பொது. கீழே உண்மையான இருட்டில் இருந்தவன் அந்த ஒப்பந்தத்தில் கட்சிக்காரனே அல்ல.

ஆகவே தாத்தாவின் கேள்வியை அவர் கேட்டதைவிட அகலமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. மூடியது யார் என்பதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூடுவதென்று முடிவெடுத்தவன் ஒருவன். கையால் மூடியவன் இன்னொருவன். முதலாமவனைக் கேட்டால் நமக்கு நம் ஏமாற்றம் மட்டும் புரியும். இரண்டாமவனைக் கேட்கும்போதுதான் நாமும் யாரையோ ஏமாற்றிக்கொண்டிருப்பது புரியும்.

5

இதை இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாமும் மூடி விற்பவர்கள்தாம்.

புதுக்கவிதை புரியவில்லை என்ற புகாருக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பதில் சொல்லி வருகிறோம். புரியாமைக்கு ஆதரவாக வாதிட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் எல்லா இருண்மையும் ஒரே ஜாதி அல்ல என்று இப்போது நினைக்கிறேன். எழுதியவனுக்கே உள்ளே என்ன விளைந்திருக்கிறது என்று முழுக்கத் தெரியாத கவிதை ஒன்று. உறுத்தியது எதுவோ உள்ளே போயிற்று, அதைச் சுற்றி ஏதோ படிந்திருக்கிறது, இதோ இருக்கிறது, நீயும் திறந்து பார் என்கிறான். அவன் நமக்கு முன்னால் நிற்கிறானே தவிர நமக்கு மேலே நிற்கவில்லை. அதில் ஒன்றும் இல்லாமலும் போகலாம். போனால் நாம் ஏமாற்றப்பட்டவர்கள் அல்ல. இன்னொன்று, எழுதியவன் அறிந்து, எண்ணி, இரண்டு வரிகளை உருவி எடுத்துவிட்டு, கண்டுபிடிக்கிறவர்கள் நாலு பேராக இருக்க வேண்டும் என்று தீர்மானித்து ஒட்டி அனுப்புகிற உறை. நாலு பேரின் பெருமை அங்கே நாற்பது பேரின் வெட்கத்தால் செய்யப்படுகிறது. இரண்டும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் வாசகனுக்குத் தெரியாமல் போகலாம். எழுதியவனுக்குத் தெரியாமல் போகாது.

சேகரிப்பிலும் இதே பிரச்னைதான். 'எழுத்து' 1959இலிருந்து 1970 வரை 119 இதழ்கள் வந்தது. செல்லப்பா புத்தக மூட்டையோடு ஊர் ஊராக அலைந்து விற்றவர். அந்தக் காலத்தில் வாங்க ஆளில்லாத இதழ்கள் இன்று அபூர்வமாகிவிட்டன. நம்மில் சிலர் அவற்றைத் தேடிப் பிடித்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு, வரிசை முழுமையாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம். இரவல் கேட்டால் மனசு சுருங்குகிறது. யாரிடமும் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்ற இன்பம் உள்ளே இருக்கிற எழுத்தின் இன்பத்தைத் தின்றுவிட்டிருக்கிறது. இதழ் படச்சீட்டாகிவிட்டது. என் அலமாரியில் ஒரு சிறுபத்திரிகை, ஓர் இதழ் மட்டும் குறைய, வரிசையாக இருக்கிறது. அந்த ஓர் இதழைத் தேடுகிற என் ஆவலில் எவ்வளவு வாசிப்பு, எவ்வளவு 1987 என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மாற்று உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். புத்தகம், பத்திரிகை மட்டுமல்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் குப்பை என்று கருதியதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. இன்று யாரும் போய்த் திறந்து பார்க்கலாம். அபூர்வத்தை நாடி அவர் சேர்க்கவில்லை. எல்லோர் வீட்டுக்கும் வந்து, எல்லோரும் எறிந்ததைச் சேர்த்தார். எறிந்ததனால் அது அபூர்வமாயிற்று. எங்கள் கொழும்புப் படத்தின் மதிப்பு தூரம் என்றால், அவர் நோட்டீஸின் மதிப்பு மறதி. இரண்டையும் யாரும் அச்சகத்தில் தீர்மானிக்கவில்லை.

தாத்தா செத்தபின் அவர் தகரப்பெட்டியில் ஒரு மடித்த தாள் இருந்தது. உப்பளக் கணக்கேட்டிலிருந்து கிழித்த தாள். திறந்து பார்த்தேன். முத்துக்கள், மங்கிப்போய், கடுகளவிலும் சின்னதாகப் பதினேழு. ஒன்றுகூட உருண்டை இல்லை. கீழே வைத்துத் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்துவைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பெட்டியில் என்ன என்று கேட்டால் பதினேழு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அதை மூடி வைத்திருப்பது நான்.